அழுத்தம் 224, மருந்து 10 மைக்ரோகிராம்: ஓர் இரவுப் பணியின் நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நடந்தது இது: எகிறிய இரத்த அழுத்தத்தால் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி ஒருவர் வந்தார். நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லி, அவர்கள் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். அவர் பிழைத்தார். ஆனால் அந்த இரவில் நாங்கள் அரைமணி நேரத்தை இழந்தோம். பிறகு கையில் எடுத்த மருந்தையே ஒருமுறை கவனிக்காமலும் விட்டோம். இரவுப் பணியில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்த இரண்டும் தெரிய வேண்டும்.

பின்னணி

அறுபதைக் கடந்த ஆண். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தம், எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. அம்லோடிபின், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின் எடுத்துக்கொண்டிருந்தார். மாரடைப்பு வந்ததில்லை. இதயச் செயலிழப்பு என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஆனால் பிறகு விசாரித்தபோது அவர் மனைவி சொன்னார்: “ரெண்டு மூணு வாரமாவே மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னாரு. தலகாணி ரெண்டு வச்சுத்தான் படுப்பாரு.” படுத்தால் மூச்சு வாங்குவதும் தலையணை கூடுவதும் என்ன என்று கேட்க அந்த வாரங்களில் யாரும் இல்லை.

குலதெய்வக் கோயில் கொடைக்குச் சொந்த ஊர் போனவர், ஒன்பது நாள் அங்கேயே தங்கிவிட்டார். கொண்டுபோன மாத்திரை நான்காம் நாளே தீர்ந்துவிட்டது. நடந்த நடையில் முழங்கால் வலித்ததால், மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கி ஐந்து நாள் காலையும் இரவும் போட்டார். விருந்துச் சாப்பாடு, கருவாடு, ஊறுகாய் எல்லாம் உண்டு. அழுத்த மாத்திரை நின்றது ஒரு பக்கம். உப்பைத் தேக்கி, சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் வலி மாத்திரை மறுபக்கம். இந்தக் கூட்டணி எத்தனை பேரை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்தால் மனம் கனக்கும்.

வீடு திரும்பிய மறுநாள் இரவு ஒன்றரை மணிக்கு மூச்சுத் திணறி எழுந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் நர்சிங் ஹோமில் ‘வீசிங்’ என்று நினைத்து நெபுலைசர் வைத்து, டெரிபிலினும் ஸ்டீராய்டும் ஊசியாகப் போட்டார்கள். நுரையீரலில் நீர் கோக்கும்போது ஆஸ்துமா போலவே இழுப்புச் சத்தம் கேட்கும் என்பதால் அந்தத் தடுமாற்றம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் நெபுலைசர் மருந்தும் டெரிபிலினும் இதயத்தை மேலும் வேகமாக ஓடவைப்பவை. மூச்சு மோசமானதும் 108-ஐ அழைத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

வந்து சேர்ந்தபோது

நேரம் 3:06. படுக்க மறுத்து, கட்டில் விளிம்பை இரு கையாலும் பிடித்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. நாடி நிமிடத்துக்கு 132, மூச்சு 42. வெளிக்காற்றில் ஆக்சிஜன் அளவு 76 சதவீதம். இரத்த அழுத்தம் 224/128. கைகள் சில்லிட்டிருந்தன. இரு நுரையீரலிலும் மேல்பகுதிவரை நீர்க்குமிழிச் சத்தம். காலில் வீக்கமே இல்லை.

இசிஜியில் வேகமான துடிப்பும் தடித்த இடது கீழறையின் அடையாளங்களும் இருந்தன. மாரடைப்பைக் காட்டும் எஸ்டி உயர்வு இல்லை. சர்க்கரை 246.

கால் வீங்காததும் கைகள் குளிர்ந்ததும் அழுத்தம் 224-இல் நின்றதும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லின. உடம்பில் புதிதாக லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்த ஆள் இல்லை இவர். ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பும் பரிவு நரம்பு மண்டலம் முறுக்கேறி, தமனிகளும் சிரைகளும் இறுகி, வயிற்றிலும் கால்களிலும் தங்கியிருந்த இரத்தம் மார்புக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. தடித்து விறைத்த இடது கீழறையால் 224 என்ற சுவரை எதிர்த்து அதை வெளியே தள்ள முடியவில்லை. திரும்பிய அழுத்தம் நுரையீரலில் நீராகக் கசிகிறது. மூச்சு முட்டினால் பயம், பயந்தால் நரம்பு இன்னும் முறுகும், அழுத்தம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை எங்காவது அறுத்தால்தான் ஆள் தப்புவார்.

முதல் 26 நிமிடங்கள்

அப்போது பணியில் இருந்த மருத்துவர் அனுபவத்தில் இளையவர், பொறுப்பானவர். பையுள்ள முகமூடியில் ஆக்சிஜன் வைத்தார், ஊசிக்குழாய் போட்டார், 3:12-க்குச் சிறுநீரை இறக்கும் ஃபுரோசமைடு (லாசிக்ஸ்) 40 மில்லிகிராம் கொடுத்தார். நோயை ‘நுரையீரல் நீர்க்கோவை’ என்று சரியாகவே எழுதினார். 3:19-க்கு, இரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரின் சொட்டையும் தொடங்கிவிட்டார். அளவு நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம்.

இந்த 10 எங்கிருந்து வந்தது? நெஞ்சுவலிக்கு வரும் நோயாளிக்கு நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்ட தொடக்க அளவு அது. அழுத்தம் 130 இருக்கும் ஆளுக்கு அது நியாயமான எச்சரிக்கை. எங்களிடம் உள்ள ஆம்பூல் 5 மில்லியில் 25 மில்லிகிராம். அதோடு 45 மில்லி சலைன் சேர்த்தால் ஒரு மில்லியில் அரை மில்லிகிராம் இருக்கும். பத்து மைக்ரோகிராம் என்றால் பம்ப் மணிக்கு 1.2 மில்லி ஓடும். பதின்மூன்று நிமிடத்தில் அவர் உடம்புக்குள் போன மொத்த மருந்து 130 மைக்ரோகிராம். அந்தச் சிறிய அளவு சிரைகளைக் கொஞ்சம் தளர்த்தும். இறுகிக் கிடக்கும் தமனிகள் இளக அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

என்னை அழைத்தது 3:30-க்கு. அப்போது நான் மாடியில் வார்டில் இருந்தேன். 3:32-க்கு வந்தபோது அழுத்தம் 218/126, ஆக்சிஜன் 86. கண் செருகத் தொடங்கியிருந்தது. மயக்க மருத்துவரை அழைத்திருந்தார்கள்; செயற்கைச் சுவாசத்துக்காக மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தும் தட்டும் தயாராகிக்கொண்டிருந்தது. மனைவி கதவோரம் நின்று, “காப்பாத்திடுங்க சார்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாய் போடுவதா, பத்து நிமிடம் பொறுப்பதா

குழாய் போட முடிவெடுத்திருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். நான் தயங்கியதற்குக் காரணம் ஒன்றுதான்: காரணமான அழுத்தத்தை இன்னும் நாங்கள் தொடவே இல்லை. மயக்க மருத்துவரிடம், “மேடம், பத்து நிமிஷம் குடுங்க. தட்டு இங்கேயே இருக்கட்டும், நீங்களும் இருங்க” என்றேன். அவர் தலைமாட்டிலேயே நின்றார். அவர் அங்கே நின்றதால்தான் எனக்கு அந்தத் துணிவு வந்தது. ஆள் இல்லாத இடத்தில் இதே முடிவை நான் எடுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. இசிஜியில் கீழ்ச்சுவர் மாரடைப்பு இருந்தால், வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த அறை உள்ளே வரும் இரத்தத்தை நம்பி ஓடுவது, நைட்ரேட் (நைட்ரோகிளிசரின் வகை மருந்து) கொடுத்தால் அழுத்தம் சரிந்துவிடும். அது இல்லை. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியதற்கான முணுமுணுப்பு ஸ்டெத்தில் கேட்கவில்லை; அந்த மூச்சிரைப்பில் காதை மட்டும் நம்ப முடியாது என்பதால் எக்கோ கருவியை வைத்து ஒரு நிமிடம் பார்த்தேன். வால்வு நன்றாகவே திறந்தது, இடது கீழறை தடித்திருந்தது, சுருங்கும் வலு பெரிதாகக் குறையவில்லை. நுரையீரல் முழுக்க நீரைக் காட்டும் செங்குத்துக் கோடுகள். மூன்றாவது, தசைத் தடிப்பால் வெளியேறும் வழி அடைபடும் நோய். அதற்கான அடையாளமும் இல்லை.

நான்காவது கேள்விதான் நம் ஊரில் விடுபடுவது. சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். மகனும் மருமகளும் அருகில் நிற்க, எந்தப் பெரியவர் இதற்கு உண்மையான பதில் சொல்வார்? குடும்பத்தாரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் காதோரம் குனிந்து, “அய்யா, தாம்பத்தியத்துக்குன்னு ரெண்டு நாளுக்குள்ள ஏதாவது மாத்திர போட்டீங்களா? மருந்து குடுக்கறதுக்காகத்தான் கேக்கறேன்” என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். பத்து நொடிகூட ஆகவில்லை.

மருந்தும் முகமூடியும்

காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் பைபாப் கருவியின் முகமூடியை முதலில் கட்டாமல், சிஸ்டர் கையால் முகத்தில் பிடித்துக்கொண்டு, “அண்ணா, கருவி காத்து தரும், அதோட சேந்து இழுங்க” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். காற்றின் அழுத்தத்தை 10/5-இல் தொடங்கி 12/6-க்குக் கூட்டினோம். மூச்சுத் திணறுபவர் முகத்தில் சட்டென்று வாரை இறுக்கினால் அவர் பிடுங்கி எறிவார். அந்தச் செவிலியர் செலவழித்த இரண்டு நிமிடத்தை நான் எந்த ஊசிக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

3:36-க்கு நைட்ரோகிளிசரின் ஒரு மில்லிகிராம், அதாவது அதே கலவையில் 2 மில்லி, இரண்டு நிமிடத்தில் மெதுவாக ஊசியாகக் கொடுத்தோம். கூடவே பம்பை நிமிடத்துக்கு 100 மைக்ரோகிராமுக்கு, அதாவது மணிக்கு 12 மில்லிக்கு ஏற்றினோம். மறு கையில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க ஓர் ஆள். முதல் அரைமணிக்குள் மேல் அழுத்தம் 160-க்குப் பக்கத்தில் வந்தால் போதும், அதற்குக் கீழே அவசரப்பட வேண்டாம் என்று சத்தமாகச் சொல்லிவைத்தேன்.

3:39-க்கு 196/112. 3:41-க்கு இன்னொரு மில்லிகிராம். 3:45-க்கு 172/98. பம்பை 150-க்கு ஏற்றினோம். 3:52-க்கு 158/90, மூச்சு 30, ஆக்சிஜன் 95. கண் திறந்து எங்களைப் பார்த்தார். கைகளில் சூடு திரும்பியிருந்தது. மயக்க மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் தட்டை மூடிவைத்தார். நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு, 142/84 இருக்கும்போது, முகமூடிக்குள் இருந்தபடி அவர் பேசிய முதல் சொல் “தண்ணி”.

அந்த நேரத்தில் சிறுநீர்ப் பையைப் பார்த்தோம். 150 மில்லிகூட இல்லை. நுரையீரலில் மூச்சு திரும்பிவிட்டது, சிறுநீர் இன்னும் இறங்கவில்லை. லாசிக்ஸ் வேலை செய்து நீர் வெளியேறியதால்தான் மூச்சு சரியானது என்று நினைத்துப் பழகிய எங்கள் குழுவுக்கு அந்தப் பை ஒரு பாடமாக இருந்தது. நீர் உடம்பை விட்டுப் போகவில்லை. தளர்ந்த குழாய்களுக்குத் திரும்பிப் போயிருந்தது.

4:20

இதற்குப் பிறகு நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். நெஞ்சுவலியோடு வந்த இன்னொருவரைப் பார்க்க நான் அடுத்த கட்டிலுக்குப் போனேன். நிலைமை தேறியதால் அழுத்தக் கருவியைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று யாரோ மாற்றியிருந்தார்கள். பம்ப் 150-இலேயே ஓடிக்கொண்டிருந்தது. எந்த அளவு வந்தால் குறைக்க வேண்டும் என்று நான் எழுதிவைக்கவில்லை. 4:20-க்குக் கருவி காட்டியது 98/60. அவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும்.

பம்பை உடனே நிறுத்தினோம். நைட்ரோகிளிசரின் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும் மருந்து என்பது அன்று எங்களைக் காத்தது. சலைன் கொடுக்கக் கை நீண்டது. நீர் கோத்த நுரையீரலுக்கு அது வேண்டாமே என்று பொறுத்தோம். ஏழு நிமிடத்தில் 118/72. பிறகு 20 மைக்ரோகிராமில் மீண்டும் தொடங்கினோம்.

ஏன் சரிந்தது என்பது பிறகு யோசித்தபோது தெளிவாகவே புரிந்தது. அழுத்தத்தை 224-இல் பிடித்துவைத்திருந்தது அந்தப் பயமும் மூச்சுத்திணறலும். மூச்சு திரும்பியதும் நரம்பின் முறுக்கு தானாக இளகுகிறது. பைபாப்பும் மார்புக்குள் வரும் இரத்தத்தைக் குறைக்கிறது. அப்போதும் அதே வேகத்தில் மருந்து ஓடினால் மூன்றும் சேர்ந்து ஆளைக் கீழே தள்ளும். கூட்டுவதற்குக் காட்டிய அக்கறையைக் குறைப்பதற்கும் நான் காட்டியிருக்க வேண்டும். இந்தத் தவறு என்னுடையது, கருவியை மாற்றியவருடையது அல்ல.

காலையும் அதற்குப் பிறகும்

ஆறரைக்கு பைபாப்பை எடுத்தோம். காலையில் கடுமையான தலைவலி என்றார், பாராசிட்டமாலில் அடங்கியது. 1847-இல் நைட்ரோகிளிசரினை முதன்முதலில் தயாரித்த இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோவே, அதை நாவில் வைத்துப் பார்த்துக் கடும் தலைவலிக்கு ஆளானவர்தான். தலையின் குழாய்களும் விரிகின்றன என்பதைத் தவிர அதில் பயம் இல்லை என்று நோயாளிக்குச் சொன்னோம். நண்பகலுக்குள் சொட்டைப் படிப்படியாக நிறுத்தினோம். ஒரு நாளைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் உடம்பு இந்த மருந்துக்குப் பழகி, அதே அளவு வேலை செய்யாமல் போகும் என்பதும் ஒரு காரணம்.

இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் லேசாகக் கூடியிருந்தது, மறுமுறை பார்த்தபோது ஏறவில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 1.6. முழு எக்கோவில் கீழறைத் தடிப்பு, வெளியேற்ற விகிதம் (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 50 சதவீதம். திடீரென்று இப்படி நீர் கோப்பவர்களில் சிலருக்குச் சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கும் என்பதால் டாப்ளர் செய்தோம், சுருக்கம் இல்லை. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். கிரியாட்டினின் இறங்கியதைப் பார்த்து டெல்மிசார்டனைத் திரும்பத் தொடங்கினோம். அம்லோடிபின், சிறுநீர் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் சேர்ந்தன. வலி மாத்திரை வேண்டாம் என்று பெரிய எழுத்தில் சீட்டிலேயே எழுதினோம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்ததால் மாத்திரை இனி வீட்டுக்கே வரும். இரண்டு வாரம் கழித்து வந்தபோது 138/82, ஒரு தலையணை.

ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால்

இது நாங்கள் கண்டுபிடித்த வழி இல்லை. 1998-இல் லான்செட்டில் இஸ்ரேலைச் சேர்ந்த காட்டர் குழுவினர், கடுமையான நீர்க்கோவைக்கு இன்னொரு நைட்ரேட்டான ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை ஐந்து நிமிடத்துக்கு 3 மில்லிகிராம் வீதம் ஊசியாகக் கொடுத்து, கூடவே குறைந்த அளவு ஃபுரோசமைடும் கொடுத்தார்கள். அதிக ஃபுரோசமைடும் குறைந்த நைட்ரேட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம் பேருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. அதிக நைட்ரேட் பெற்றவர்களில் 13 சதவீதம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இதயச் செயலிழப்பு எல்லாவற்றுக்கும் நைட்ரேட் என்று போகக் கூடாது. 2019-இல் வந்த கலாக்டிக் ஆய்வும், 2020-இல் முதியவர்களிடம் பிரான்ஸில் நடந்த எலிசபெத் ஆய்வும் இரத்தக் குழாய் விரிப்பு மருந்துகளை முனைந்து கொடுத்ததால் நோயாளிகளுக்குக் கூடுதல் பலனைக் காட்டவில்லை. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டி, மேல் அழுத்தம் 110-க்கு மேல் உள்ளவர்களுக்கு ‘கொடுப்பதை யோசிக்கலாம்’ என்ற அளவுக்கு அதை இறக்கிவிட்டது. என் கருத்து இது: கலாக்டிக்கில் இருந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படாமல் வார்டில் இருந்தவர்கள், நாங்கள் பார்த்தவர் 224-இல் மூழ்கிக்கொண்டிருந்தவர். கால் வீங்கி, எடை கூடி, 120 அழுத்தத்தோடு வருபவருக்கு நீரை இறக்குவதுதான் வேலை. அவருக்கு இந்த ஊசியைப் போட்டால் கெடுதலே வரும்.

மாற்றியவை

கேஷுவால்டி வண்டியில் இப்போது ஒரு தாளை ஒட்டியிருக்கிறோம். மேல் அழுத்தம் 160-க்கு மேல், கடும் மூச்சுத்திணறல், நுரையீரல் முழுக்கக் குமிழிச் சத்தம் என்று மூன்றும் இருந்தால் இசிஜியும் அந்த நான்கு கேள்விகளும் முடிந்த உடனே, ஊசிக்குழாய் போடுவதற்குள் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் (ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை) 5 மில்லிகிராம். அந்த இரவில் அலமாரியில் அது இருந்தது, 3:10-க்கே வைத்திருக்கலாம். எங்கள் 26 நிமிட இழப்பில் எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். அடுத்ததாக, பம்பின் மில்லி கணக்கும் மைக்ரோகிராம் கணக்கும் எதிரெதிரே எழுதியிருக்கிறது. நடுநிசியில் யாரும் பெருக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மேல் அழுத்தம் 150-ஐத் தொட்டால் பம்பைப் பாதியாக்கு, 120-ஐத் தொட்டால் நிறுத்திவிட்டுக் கூப்பிடு என்பது சிவப்பு மையில் இருக்கிறது. மருந்து 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஓடும்வரை மூன்று நிமிட அளவீட்டை யாரும் மாற்றக் கூடாது.

வீட்டில் சார்பிட்ரேட் வைத்திருப்பவர்கள் பலர். யாருக்கு மூச்சு வாங்கினாலும் அழுத்தம் பார்க்காமல் அதை வாயில் வைப்பது ஆபத்து. அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் ஆள் அப்படியே விழுந்துவிடுவார். அவர்களுக்கு 108-தான் மருந்து.

முதலில் பார்த்த நர்சிங் ஹோம் மருத்துவரிடம் அந்த வாரமே போனில் பேசினேன். குறை சொல்ல அழைக்கவில்லை என்று முதலிலேயே சொன்னேன். அன்று இரவு அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். இழுப்புச் சத்தம் கேட்டதும் நெபுலைசரை எடுத்துவிட்டதாகவும், அழுத்தம் பார்க்கவில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். எங்கள் வண்டித் தாளின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். போன மாதம் அங்கிருந்து வந்த ஒரு நோயாளியின் கடிதத்தில், முதல் வரியிலேயே அழுத்தம் எழுதியிருந்தது: 210/120, நாக்கடியில் சார்பிட்ரேட் கொடுத்த நேரம் 11:40.